மேமோகிராம் எடுக்கப் போகிறவர்களுக்கு

மார்பகத்தில் கட்டி கையில் தட்டுப்படட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கைக்குப் படாத சின்னக் கட்டியையும் உப்புத்தூள் சிதறியது போன்ற சுண்ணாம்புப் புள்ளிகளையும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, பெரும்பாலும் காட்டிவிடும். அன்றைக்கு அக்குளில் டியோடரன்ட், பவுடர் எதுவும் வேண்டாம், படத்தில் அதுவும் புள்ளியாகத் தெரியலாம். பழைய படங்கள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

அறிக்கையில் பை-ராட்ஸ் எண்ணைத் தேடுங்கள், படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் எண் அது. 0 என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, இன்னும் படம் தேவை, அவ்வளவுதான். 1, 2 என்றால் கவலை இல்லை, 3 என்றால் பொதுவாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள், 4, 5 வந்தால் பயாப்ஸியை (துளி சதை எடுத்துச் சோதிப்பதை) தள்ளிப்போடாதீர்கள்.

சரி, நோய் உறுதியானால்? சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கதிர்வீச்சு கொடுக்கும் வழி பெரும்பாலும் கிடைக்கும், முழு மார்பகத்தையும் எடுத்தவர்களுக்கு இணையாகவே இவர்களும் உயிர் வாழ்கிறார்கள் என்று 2002இல் வெளியான 20 ஆண்டுக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. ஆகவே "எனக்கு இது பொருந்துமா, அக்குளில் எத்தனை நிணநீர்க் கணுக்களை எடுப்பீர்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கீமோ வேண்டுமா என்பதை அளவு மட்டும் தீர்மானிக்காது, கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, அதன் வளர்ச்சியைத் தூண்டும் புரதமான ஹெர்2 ஆகியவற்றின் சோதனை முடிவுகளும் வேண்டும்.

அமெரிக்கக் கணக்குப்படி மார்பகத்தைத் தாண்டாத நோயில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு சுமார் 99%, தொலைவில் பரவியதில் 30% சொச்சம். இந்த இடைவெளி முழுவதும் பரிசோதனையின் சாதனை அல்ல. முன்பே கண்டுபிடித்தால் அந்த ஐந்தாண்டுக் கணக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது, ஒருபோதும் தொல்லை தந்திராத சில கட்டிகளுக்கும் சிகிச்சை நடந்துவிடுகிறது. ஆனாலும் பரிசோதனை இறப்பைக் குறைக்கிறது.

போன மாதம் எடுத்த படம் சுத்தமாக இருந்தாலும், இன்று புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.