புயல் வருகிறதா? முதலில் மோட்டாரைப் போடுங்கள்

சென்னையில் புயல் என்றதும் ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்கத்தான் ஓடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நானும் அப்படித்தான் ஓடினேன். கரண்ட் போய் மோட்டார் நின்ற பிறகுதான், வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்பது உறைத்தது.

அதனால் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டி காற்றில் உருண்டு போகும், நிறைந்தது அவ்வளவு லேசில் அசையாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வைத்துக்கொண்டால், நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது மூன்று கேன். முன்னாலேயே வாங்கி வையுங்கள், கேன்காரர் படகில் வரமாட்டார். கரண்ட் இல்லாமல் ஆர்.ஓ. ஓடாது, அப்போது தொட்டித் தண்ணீரை வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும்.

பலரும் கோட்டை விடுவது சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கும் தொட்டியில்தான். வெள்ளம் உள்ளே இறங்கியிருந்தால் அது சாக்கடைத் தண்ணீர்தான், கரண்ட் வந்த சந்தோஷத்தில் மோட்டாரைத் தட்டினால் மேலே இருக்கும் நல்ல தண்ணீரும் போச்சு. இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும், அதுவும் சுவிட்சும் மோட்டாரும் நனையாமல் இருந்தால்.

சாப்பாட்டுக்கு அவல், வெல்லம், பொட்டுக்கடலை. சரி, ருசி அப்படி இப்படித்தான், ஆனால் அடுப்பே வேண்டாம்.