பேராயர் ஜீன் ராபின்சனின் வாழ்க்கையைத் தமிழ்க் கூடுகையில் எடுத்துரைப்பது எப்படி

இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த சபைகளின் கூட்டமைப்பான உலகளாவிய ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில், தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்பதை மறைக்காமல் ஒரு துணைவருடன் வாழ்ந்துகொண்டே பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மனிதர் அமெரிக்காவின் வி. ஜீன் ராபின்சன். கோலாலம்பூரில் பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டில் கூடும் வேதபாட வட்டத்தில் அவருடைய வாழ்க்கையைப் பற்றி இருமுறை பேசியிருக்கிறேன். முதல்முறை 2003ஆம் ஆண்டின் தேர்தலிலிருந்து தொடங்கினேன். ஐந்தே நிமிடத்தில் வாக்குவாதம் மூண்டது, அந்த மனிதரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே கூட்டம் கலைந்தது. இரண்டாம் முறை கற்றுக்கொண்டவற்றை, இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை வழக்கில் வளர்ந்தவர்களுக்கு ‘பேராயர்’ என்றால் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர், ‘ஆயர்’ என்றால் சபையை நடத்தும் குருவானவர். கத்தோலிக்கருக்கோ மறைமாவட்டத் தலைவரே ஆயர், உயர்மறைமாவட்டத்தின் தலைவர்தான் பேராயர். நம் ஊரில் இருவகையினரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள் (இங்கே நான் மறைமாவட்டத் தலைவரையே ‘பேராயர்’ என்கிறேன்). அடுத்தது, இதைவிட முக்கியமானது: ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல் ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. ‘தன்பாலீர்ப்பாளர்’ என்ற சொல் அவருடைய மனம் எவரை நாடுகிறது என்பதைச் சொல்லுகிறது. பின்னதையே பயன்படுத்தி, அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். யாராவது 1 கொரிந்தியர் 6:9ஐத் திறந்து ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்ற சொல்லைக் காட்டுவார்கள். அவரைத் தடுக்காமல் முழு வசனத்தையும் வாசிக்க விடுங்கள். அந்த இடத்திலுள்ள கிரேக்கச் சொல்லின் பொருளைப் பற்றி வேத அறிஞர்களிடையே நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை மட்டும் அமைதியாகச் சொல்லிவிட்டு, வாழ்க்கைக் கதைக்குத் திரும்புங்கள்.

கதையை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் புகையிலை வயலில் தொடங்குவதே நல்லது. ராபின்சன் 1947 மே 29 அன்று லெக்சிங்டனில் பிறந்தார். பெற்றோர் பிறருடைய நிலத்தில், விளைச்சலில் பங்கு என்ற ஏற்பாட்டில் புகையிலை பயிரிட்டவர்கள். குழந்தை பிழைக்காது என்று மருத்துவர் எண்ணியிருந்த நிலையில், பெண் குழந்தைக்கென்று நினைத்து வைத்திருந்த ‘விக்கி ஜீன்’ என்ற பெயரையே, தந்தை விக்டர், தாய் இமோஜீன் ஆகிய இருவருடைய பெயர்களையும் நினைவூட்டும்படி, அவருக்குச் சூட்டினார்கள். பிறர் நிலத்தில் உழைத்த குடும்பம் என்பதைச் சொல்லும்போது, தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே காண்பீர்கள். அந்த இடத்தில் சற்று நிதானித்துப் பேசுங்கள்.

குருத்துவக் கல்வி, 1973இல் குருவாக அருட்பொழிவு, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்கு இடம்பெயர்தல் ஆகியவற்றை விரைவாகக் கடந்து, திருமணத்தைப் பற்றிப் பேசுவதற்கு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1972இல் ஒரு பெண்ணை மணந்தார், இரண்டு மகள்களைப் பெற்றார். தம்முடைய ஈர்ப்பைப் பற்றிய ஐயத்தைத் திருமணத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். 1986இல் இருவரும் பிரிய முடிவு செய்தபோது, ஒரு குருவானவருடன் ஆலயத்துக்குச் சென்று, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு, திருமண வாக்குறுதிகளிலிருந்து ஒருவரையொருவர் விடுவித்து, மோதிரங்களைத் திருப்பிக் கொடுத்து, சேர்ந்து நற்கருணை பெற்றார்கள். பின்னாளில் துணைவரான மார்க் ஆண்ட்ரூவை அவர் சந்தித்தது 1987இல். ‘ஓர் ஆணுக்காக மனைவியை விட்டு ஓடியவர்’ என்ற குற்றச்சாட்டை உங்கள் அறையிலும் யாராவது எழுப்புவார்கள். இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நீண்ட விவாதத்தைவிடப் பயன் தரும். ஒரு திருமணம் முடியும் வேளையிலும் அவர்கள் பலிபீடத்தின் முன் நின்றார்கள் என்பது என் மனத்தை ஆழமாகத் தொட்ட செய்தி. அதை அவசரமின்றிச் சொல்லுங்கள்.

அடுத்து அவருடைய ஊழியம். 1988 முதல் நியூ ஹாம்ப்ஷயர் பேராயரின் நெருங்கிய உதவியாளராகப் பணியாற்றி, புதிய சபைகளுக்குச் செல்லும் குருவானவர்களுக்கான பயிற்சித் திட்டத்தை உருவாக்குவதில் பங்கேற்றார். எய்ட்ஸ் பற்றிய கல்விப் பணியை அமெரிக்காவில் மட்டுமின்றி உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்தார். 2003 ஜூன் 7 அன்று அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தப் பதினைந்து ஆண்டுகளாக அவரை அருகிலிருந்து கண்டவர்களே. ஆகஸ்டில் மினியாபோலிஸ் நகரில் கூடிய, அவருடைய சபையான எபிஸ்கோப்பல் சபையின் (ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் அமெரிக்கக் கிளை) பேராயர் மன்றம் அந்தத் தேர்வுக்கு 62க்கு 43 என்ற வாக்கில் ஒப்புதல் அளித்தது. நவம்பர் 2 அன்று நடந்த அருட்பொழிவின்போது, கொலை மிரட்டல்கள் காரணமாக, அவர் அங்கிக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார்.

குறைகளையும் மறைக்காதீர்கள். மதுப்பழக்கத்துக்காக 2006இல் சிகிச்சை பெறச் சென்றதை அவரே தம் மறைமாவட்டத்தாருக்கு எழுதித் தெரிவித்தார். 2013இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு, மார்க் ஆண்ட்ரூவுடனான தம் திருமணம் முறிவதையும் அறிவித்தார். இவற்றை நீங்கள் சொல்லாவிட்டால் வேறொருவர் எழுந்து சொல்லுவார், அதன்பின் நீங்கள் சொன்ன மற்றவற்றையும் யாரும் நம்பமாட்டார்கள்.

‘இதெல்லாம் அமெரிக்கர்களின் விவகாரம்’ என்று எவரேனும் கூறினால், 1997 பிப்ரவரியில் ஆப்பிரிக்கா, ஆசியா போன்ற தென்திசை நாடுகளின் ஆங்கிலிக்கன் சபைப் பிரதிநிதிகள் இதே கோலாலம்பூரில் கூடி மனிதப் பாலியல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டதையும், அது நம் நகரின் பெயராலேயே அழைக்கப்படுவதையும் நினைவூட்டுங்கள். அடுத்த ஆண்டு, உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டின் தீர்மானம் 1.10 அந்த அறிக்கையைக் குறிப்பிட்டே, 526க்கு 70 என்ற வாக்கில் நிறைவேறியது. தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று கூறும் அதே தீர்மானம், தன்பாலீர்ப்பாளர்களின் அனுபவத்துக்குச் செவிகொடுக்க உறுதிபூணுவதாகவும் கூறுகிறது. ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலுள்ள நம் தென்கிழக்கு ஆசிய மாகாணம் ராபின்சனின் அருட்பொழிவை எதிர்த்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லி, தீர்மானத்தின் இரண்டு பகுதிகளையும் வாசித்துக் காட்டுங்கள். 2008 லாம்பெத் மாநாட்டுக்கு அவரை அழைக்கவில்லை. அழைப்பின்றியே, மாநாடு நடந்த இங்கிலாந்தின் கேன்டர்பரிக்குச் சென்று, மாநாட்டுக்கு வெளியே தம்மைச் சந்திக்க வந்தவர்களுடன் உரையாடினார்.

இனி, கூட்டத்தாரின் பாதுகாப்பு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இயற்கைக்கு மாறானது எனக் கருதும் உடலுறவுக்கு இருபது ஆண்டுகள் வரை சிறையையும் பிரம்படியையும் விதிக்கின்றன. ஆகவே எவரையும் தம்மைப் பற்றிப் பேசும்படி தூண்டாதீர்கள். படம் எடுக்கவோ, வந்தவர்களின் பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் இடவோ அனுமதிக்காதீர்கள். வாய் திறக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த மாலை மற்ற எல்லாரையும்விட முக்கியமானதாக இருக்கக்கூடும். அவர் அங்கே இருக்கிறார் என்றே எண்ணிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுங்கள்.

இறுதியாகச் சொல்ல வேண்டியது 2018 அக்டோபர் 26. வயோமிங் மாநிலத்தில் 1998இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு இறந்த 21 வயதுத் தன்பாலீர்ப்பு மாணவர் மேத்யூ ஷெப்பர்டின் சாம்பலை, கல்லறையை யாரேனும் இழிவுபடுத்துவார்களோ என்ற அச்சத்தில், பெற்றோர் இருபது ஆண்டுகள் அடக்கம் செய்யாமல் வைத்திருந்தார்கள். வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அது அடக்கம் செய்யப்பட்ட வழிபாட்டை நடத்தியவர், ஓய்வு பெற்றிருந்த ராபின்சன். இதைச் சொன்னபின் உடனே கேள்விகளுக்கு இடம் கொடுக்காமல், சில நிமிட மௌனத்துக்குப் பிறகு கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லி, தேநீர் கொடுங்கள். கூட்டத்தின் நடுவே கேட்க முடியாத கேள்வி பெரும்பாலும் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில்தான் வரும். ஆகவே பேச்சை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, கடைசி ஆள் புறப்படும்வரை அங்கேயே இருங்கள்.