சென்னைல இருந்து ஐரோப்பாவுக்கு மசாலா அனுப்புறீங்களா? முதல்ல இத பாத்துடுங்க

பாரிஸ் கார்னர் பக்கம் மொளகாத்தூள், எள்ளு வியாபாரம் பண்றவங்க நிறைய பேர் ஜெர்மனிக்கு ஒரு சட்டம், பிரான்ஸுக்கு ஒரு சட்டம்னு நெனச்சு பயப்படுறாங்க. மாட்டு மூளை நோய் பிரச்சனைக்கு அப்புறம் 2002ல 178/2002னு ஒரு பொது உணவுச் சட்டம் வந்துச்சு, அடிப்படை விதி இப்போ ஐரோப்பிய யூனியன்ல இருக்குற 27 நாட்டுக்கும் ஒண்ணுதான்.

மொதல்ல ஆர்‌ஏஎஸ்எஃப்எஃப் (RASFF, ஐரோப்பிய யூனியனோட உணவு எச்சரிக்கை) தளத்துல உங்க பொருள் பேரப் போட்டு தேடுங்க, ஃப்ரீதான். ஒரு நாட்டுல சரக்கு மாட்டுனா மத்த நாடுகளுக்கும் அதுல தகவல் போயிடும், அதனால ஹாம்பர்க்ல தள்ளுனத ரோட்டர்டாம்ல வித்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2020ல இந்திய எள்ளுல எத்திலீன் ஆக்ஸைடு (கிருமி கொல்ல அடிக்குற வாயு) இருந்தது பெல்ஜியத்துல தெரிஞ்சு, பல நாட்டுல கடையில இருந்த பொருளையே திரும்ப எடுத்தாங்க, அந்த அடி இன்னும் நம்ம எள்ளு மேல இருக்கு.

அப்புறம் லேப் டெஸ்ட். மொளகாய்க்கு அஃப்ளாடாக்ஸின் (பூஞ்சைல வர்ற விஷம்) பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா அஃப்ளாடாக்ஸினும் சேத்து 10, அதத் தாண்டக்கூடாது. தனி அளவு சொல்லாத பூச்சிமருந்துக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். ஏத்துறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணுங்க, துறைமுகத்துல மாட்டுனா செலவு ரொம்ப ஜாஸ்தி.

இத்தாலில பார்மால இருக்குற இஎஃப்எஸ்ஏ (ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு) அறிவியல் ஆலோசனைதான் சொல்லும், சரக்க செக் பண்றது அந்தந்த நாட்டு அதிகாரிங்க. லெட்டர் எழுதுறதுனா அவங்களுக்கு எழுதுங்க.

யார்கிட்ட வாங்குனீங்க, யாருக்கு குடுத்தீங்கன்னு ஒவ்வொரு லாட்டுக்கும் பில்லோட எழுதி வைங்க, உங்க பையர் கண்டிப்பா கேப்பாரு.