ஊர் வரலாற்றுக் குழு இணையதளம் தொடங்கும்போது

ஊர் வரலாற்றுத் தளங்கள் பல நின்றுபோவது டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாவதால்தான். ஆர்வமுள்ள ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில் பெயரைப் பதிவு செய்திருப்பார். அவர் குழுவை விட்டு விலகினால் புதுப்பிப்பு நினைவூட்டல் யார் கண்ணிலும் படாது. டாட் காம் பெயர்களைப் பதிவு நிறுவனம் நீக்கிய பிறகு மீட்க 30 நாள் தவணை உண்டு, அதற்குக் கூடுதல் கட்டணம். அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எனவே முதலில் குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். கடவுச்சொல் மூன்று பொறுப்பாளர்களிடமாவது இருக்கட்டும். ஓடிபி ஒருவருடைய கைபேசிக்கு மட்டுமே வரும் என்பதால், ஓடிபி இல்லாமலே கணக்கில் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுக் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள். டொமைனை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். நன்கொடை கையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.

தளத்தை உருவாக்க, மாதம் ஒருமுறை பிளகின்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) புதுப்பிக்க ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ் மென்பொருள் போதும். இல்லையென்றால் நிரல் எதுவும் ஓடாத வெறும் எச்டிஎம்எல் பக்கங்களே மேல்; கவனிக்காமல் விட்ட வேர்ட்பிரஸ் தளத்தில் சூதாட்ட விளம்பரங்கள் புகுந்துவிடும்.

அடுத்ததுதான் உண்மையான வேலை. ஒரு கல்வெட்டுக்கு ஒரு பக்கம், ஒரு படத்துக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் எண் கொடுத்து, பக்க முகவரியிலும் கோப்புப் பெயரிலும் அந்த எண்ணையே ஆங்கில எழுத்துகளோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். முகவரியில் தமிழ் வைத்தால், நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு குறியும் (புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளே) ஒன்பது எழுத்தாக விரியும். ‘கல்வெட்டு’ என்ற ஒரே சொல் 81 எழுத்து நீளும். இடையில் எங்காவது வெட்டுப்பட்டால் இணைப்பு திறக்காது.

கல்வெட்டுப் பக்கத்தில் கல்லில் உள்ளபடியான வாசகம், இக்கால வாசிப்பு, காலக் கணிப்பு மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். வரி எண் போடுங்கள். ஐயமான எழுத்தைச் சதுர அடைப்பிலும் சிதைந்த இடத்தைப் புள்ளிகளாலும் காட்டுங்கள். காலத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடியதால், ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் எந்த மன்னன் என்று சொல்ல முடியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ‘மதிரை கொண்ட’ (மதுரையை வென்ற) என்ற அடைமொழி இருப்பதால்தான் அது முதலாம் பராந்தகன் காலத்தது என்று தெரிகிறது. 907இல் பட்டமேறியவனின் 12ஆம் ஆட்சியாண்டு, ஆகவே 919. கணித்த ஆண்டோடு இந்த வழியையும் எழுதிவிடுங்கள். சக ஆண்டோடு 78, கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் கி.பி. வரும். மாதத்தைப் பொறுத்து ஓராண்டு முன்பின் ஆகும்.

பழைய விழா மலர்களின் கோப்புகள் பாமினி, டாப், டிஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருவர் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் துணைக்கால் (ா) வர வேண்டிய இடத்தில் ‘ர’ நிற்பது கண்ணுக்கு எளிதில் தெரியாது. இன்னொரு சிக்கல்: ‘கோ’வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது; ஆனால் தளத்தின் தேடுபெட்டி ‘கோயில்’ என்ற சொல்லைப் பாதிப் பக்கங்களில் தவறவிடும். எல்லாப் பனுவலையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இத்தகைய குறிகளை ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டுப் பதிவேற்றுங்கள்; பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை. பழைய பின்ன எண்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் 2019இல்தான் யூனிகோடில் இடம் கிடைத்தது. பல கைபேசிகளில் அவை வெறும் கட்டமாகத் தெரியும் என்பதால் பக்கத்தில் ‘அரைக்கால்’, ‘மாகாணி’ என்று எழுத்தாலும் எழுதுங்கள்.

படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் கோப்பாகப் பாதுகாத்து, தளத்தில் 1600 பிக்சல் அகலமுள்ள சிறிய ஜேபெக் கோப்பு மட்டும் போடுங்கள். கல்வெட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். காலை வெயில் போதும், இல்லையேல் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்துத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தேய்க்கவே கூடாது. கல் கெடும், அடுத்து வருபவரின் வாசிப்பும் கெடும்.

காவல் இல்லாத நடுகல், சிலை ஆகியவற்றின் படங்களில் கைபேசி பதிந்துவைக்கும் இருப்பிடத் தகவலைப் பதிவேற்றும் முன்பே நீக்குங்கள். சிலைத் திருடருக்கு நாமே வழி காட்டக் கூடாது. பக்கத்தில் ஊர்ப்பெயர் போதும்.

இந்தியச் சட்டப்படி, வெளியான ஒளிப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை உண்டு. வீட்டு ஆல்பத்துப் படங்களுக்கு, யார் எடுத்தது, எங்கே பயன்படுத்தலாம் என்று எழுதிய ஒப்புதலைத் தருபவரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். ‘வாட்ஸ்அப்பில் வந்தது’ என்ற படத்தை, மூலம் தெரியும்வரை ஏற்ற வேண்டாம்.

டிஃப் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில் இருக்கட்டும். உரிமைச் சிக்கல் இல்லாத படங்களை யாரும் பயன்படுத்தக்கூடிய படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸிலும் போடுங்கள். ஆண்டுக்கொருமுறை இரண்டு டிஸ்க்கிலிருந்தும் சில கோப்புகளைத் திறந்து பார்த்து, தேதியை டிஸ்க்கின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.