சேம்பரில் சிக்கிய தோட்டா உறை: நான் சரிசெய்த விதம்

பென்சில்வேனியாவில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைக் குறிவைத்துச் சுடப் போகும்போது நண்பரின் ரெமிங்டன் 870 விங்மாஸ்டர் ஷாட்கன்னையும் என் சீன இறக்குமதி பம்ப் ஷாட்கன்னையும் (முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) மாற்றி மாற்றிச் சுடுவோம். என்னுடையது 870-இன் நகல்தான்: 12 கேஜ் (குழல் அளவு), எஃகு ரிசீவர் (இயங்கும் பாகங்கள் இருக்கும் நடு உடல்), முன்கைப்பிடியின் அசைவை உள்ளே கடத்தும் இரட்டை ஆக்‌ஷன் பார். விலைதான் ரொம்பக் குறைவு.

தொல்லை ஒன்றுதான். மலிவு தோட்டா சுட்டதும் முன்கைப்பிடி பின்னால் வராது, முழு பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கும். பித்தளை அடிப்பாகம் உள்ள தோட்டாவில் இந்தச் சிக்கலே இல்லை. மலிவுத் தோட்டாவில் அது எஃகு. சுடும்போது விரிந்தது பித்தளை அளவுக்குச் சுருங்காமல் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் பின்பகுதி) சுவரைக் கவ்விக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர் முழுக்க வளையம் வளையமாகக் கடைசல் தடம். விங்மாஸ்டரில் அதே இடம் பளிங்கு மாதிரி இருக்கிறது.

தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு குழலைக் கழற்றினேன். குழல் துடைக்கும் பிரஷ்ஷில் 0000 ஸ்டீல் உல் (மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சு) சுற்றி, எண்ணெய் விட்டு, டிரில்லில் மாட்டி, மெதுவான வேகத்தில் சேம்பருக்குள் மட்டும் ஓட்டினேன். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், உலோகத்தைத் தின்றுவிடும். அப்புறம் ஒரு துகள்கூட இல்லாமல் துடைத்தேன்.

இப்போது அதே மலிவுத் தோட்டாவின் உறை தடையில்லாமல் வந்து விழுகிறது. பம்ப் ஓட்டத்தில் விங்மாஸ்டரின் வழுவழுப்பு மட்டும் இன்னும் வரவில்லை.