சென்னை மூலக்கடை சிக்னலில் பூ விற்கப் போறீங்களா?

தெருமுனையில் கூடை வைத்துப் பூ விற்றுப் பழகியவர்கள் சிக்னலுக்கு வந்தால் முதல் நாள் திணறிப்போவார்கள், நானும் அப்படித்தான் திணறினேன். தெருவில் வாங்க வருகிறவர் நின்று நிதானமாக முழம் போடச் சொல்லி, பேரம் பேசி, கொசுறும் கேட்டு வாங்குவார். இங்கே சிவப்பு எரியும் நேரம்தான் மொத்த வியாபாரமும், அதிலும் கடைசிப் பத்து விநாடி உங்களுடையது இல்லை.

அதனால் பாதி வேலை ரோட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பாரிமுனை பத்ரியன் தெருவிலோ கோயம்பேட்டிலோ விடியற்காலையில் உதிரிப்பூ வாங்கி நீங்களே கட்டுங்கள், கட்டின பூவை வாங்கி விற்றால் லாபம் கட்டினவருக்குத்தான். வாழைநாரை நனைத்துக்கொண்டால் அறுந்து தொலைக்காது. கால் கிலோவுக்கு எத்தனை சரம் வருகிறது என்று ஒரு தடவை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், அன்றன்றைய விலைக்குக் கணக்குப் போட அது போதும். மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறும்போது சரத்தின் நீளத்தைக் குறையுங்கள், ரேட்டை மாற்றாதீர்கள். 20 ரூபாய் என்றால் 20 ரூபாய்தான், ஒரே நோட்டு, சில்லறை தேடும் வேலை இல்லை. முழம் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள் (எங்க அத்தைக்குக் கை குட்டை, தெருவில் பாதிச் சண்டை அதனால்தான்). "சரம் இருபது" என்றால் பேச்சு முடிந்தது.

காலையில் ஓடுவது தலைக்கு வைக்கும் பூ இல்லை, வண்டியில் இருக்கும் சாமி படத்துக்குப் போடும் பூ. ஆட்டோ, டாடா ஏஸ், கன்டெய்னர் லாரி எல்லாருக்கும் சின்னச் சாமந்திச் சரம் போதும், நடுவில் கொஞ்சம் மரிக்கொழுந்து வைத்துக் கட்டினால் வாசனைக்கே கை நீட்டுவார்கள். கேபின் சூட்டில் மல்லி வதங்கிவிடும், அதை சாயங்காலத்துக்கு வையுங்கள், மொட்டு அவிழும் நேரமும் ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பும் நேரமும் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனுக்குப் போகிற வண்டிகள் இந்த ஜி.என்.டி. சாலையில்தான் வரும், செவ்வரளி கட்டாயம் கையில் இருக்கட்டும். ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் இருக்கிறதே, அன்றைக்கு எவ்வளவு கட்டினாலும் பத்தாது.

இப்போது எங்கே நிற்பது என்பது. புதுசாக வருகிறவர்கள் ஓரத்து நடைபாதையில் நிற்பார்கள், தப்பு. நம் ஊரில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அவர் ஜன்னல் சென்டர் மீடியன் பக்கம் இருக்கிறது. மீடியனில் ஏறி நில்லுங்கள், வண்டிகள் முழுக்க நின்றபிறகு இறங்குங்கள், முதல் இரண்டு மூன்று வண்டியை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவர்களிடம் போங்கள், ஏனென்றால் முன்னால் நிற்கிற பைக்குகள் சிக்னலில் குறைந்துகொண்டே வரும் விநாடி எண் 5 ஆகும்போதே கிளம்பிவிடும். 10 வந்தால் யார் கூப்பிட்டாலும் மீடியனுக்குத் திரும்பிவிட வேண்டும். டிரெய்லருக்கு நேர் முன்னாலும், அதன் இடது மூக்குப் பக்கமும் போகவே கூடாது, அவ்வளவு உயரத்தில் இருக்கிற டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். லாரிக்குப் பூவை ஒரு கம்பில் மாட்டி நீட்டினால் போதும், படியில் கால் வைக்காதீர்கள்.

ஜிபே அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் "காசா, ஜிபேயா ண்ணா?" என்று பூவை எடுக்கும் முன்பே கேளுங்கள். ஸ்கேன் சுற்றிக்கொண்டே இருக்கும்போது பச்சை விழுந்தால் பூவைக் கொடுத்துவிட்டு நாளைக்குத் தாங்க என்று விட்டுவிடுவேன். தினமும் அதே வழியில் வருகிற ஆள்தான், ஓடுகிற வண்டியைத் துரத்தி 20 ரூபாய் வாங்குவதற்கு அது மேல். எனக்குத் திரும்பி வராத காசு ரொம்பக் குறைவு.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சி அட்டை இருந்தால் நல்லது, ஆனால் அதைக் காட்டி நடுரோட்டில் நிற்க முடியாது. போலீஸ் நகரச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம், மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கி அரை மணி கழித்து வாருங்கள். லீவு நாள்தானே என்று பிள்ளையைக் கூட்டி வராதீர்கள்.

பிளாஸ்டிக் கவர் 2019-லிருந்தே தடை, வாழையிலையில் சுற்றிக் கொடுங்கள். பூ மேல் தண்ணீரை ஊற்றாமல் ஈரத்துணியால் மூடி வைத்தால் பழுக்காது. ராத்திரி எட்டரைக்கு மேல் மிஞ்சின மல்லியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுங்கள், காலையில் அதை யாரும் தொட மாட்டார்கள்.