டர்ட் பைக் கிளட்ச் கோளாறு: பிளேட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மண்ணிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் கிளட்ச் தகராறு செய்தால், பலரும் உடனே கிளட்சுக்குள் அடுக்கியிருக்கும் தட்டான பிளேட்டின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். கோளாறோ பல வேளைகளில் கேபிளிலோ, ஊற்றிய ஆயிலிலோ இருக்கிறது. ஆகவே வெளியே தொடங்கி உள்ளே செல்வதுதான் செலவு குறைந்த வழி.

முதலில் கோளாறு எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும். உயர்ந்த கியரில் மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால் என்ஜின் சத்தம் மட்டும் எகிறி, சக்கரம் அதற்கேற்ப வேகமெடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மாறாக, லீவரை முழுவதும் பிடித்த பின்னும் வண்டி முன்னே ஊர்ந்தாலோ, நிற்கும்போது நியூட்ரல் விழ மறுத்தாலோ, பிளேட்டுகள் சரியாகப் பிரியவில்லை என்று பொருள். ஆனால் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கையில், கெட்டியான ஆயிலால் பிளேட்டுகள் சற்று ஒட்டிக்கொள்வது இயல்பே. சூடான பிறகு சோதித்தே முடிவுக்கு வர வேண்டும்.

இவ்விரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது லீவரின் ஃப்ரீ பிளே, அதாவது கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லீவர் சும்மா அசையும் தளர்வு. கேபிள் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்வே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும், மிகுந்தால் பிரியாது. சிறு திருத்தங்களை லீவர் அருகிலுள்ள அட்ஜஸ்டரிலும், பெரிய திருத்தங்களை என்ஜின் பக்கத்து அட்ஜஸ்டரிலும் செய்ய வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்: தளர்வு மாறினால் கேபிள் போகும் பாதை தவறு. கேபிளின் இழைகள் பிரிந்திருந்தாலோ, சேறு புகுந்து இழுவை கனத்தாலோ, எண்ணெய் விட்டு ஒப்பேற்றுவதைவிடக் கேபிளை மாற்றிவிடுவதே நல்லது.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் கேபிள் தொல்லை இல்லை. லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டும். ஆயினும் மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் திரவம் ஊற்றாதீர்கள். சில அமைப்புகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் 4 பிரேக் திரவம்; ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

ஆயில் மாற்றிய சில நாளில் வழுக்கல் தொடங்கியிருந்தால் ஆயிலையே சந்தேகியுங்கள். என்ஜின் ஆயிலில் நனைந்தே இயங்கும் கிளட்சுக்கு, டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியீடு உள்ள ஆயில் தேவை. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் ஆயில், உராய்வையே நம்பியிருக்கும் பிளேட்டுகளுக்குப் பகை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால்தான் கவரைத் திறக்க வேண்டும். கிளட்ச் வலப்புறம் உள்ள வண்டியை, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இடப்புறமாகச் சாய்த்துக் கிடத்தினால் ஆயிலை வடிக்காமலேயே வேலையை முடிக்கலாம். ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒன்றையே முழுதாகக் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பிளேட்டுகளின் வரிசையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வுப் பிளேட்டின் கனத்தையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். இரும்புப் பிளேட் நீலம் பூத்திருந்தால் அது கடுமையாகச் சூடேறியிருக்கிறது. தட்டையான கண்ணாடியின் மேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அடியில் நுழைத்தால் வளைவு தெரிந்துவிடும்.

பலரும் பார்க்கத் தவறுவது, பிளேட்டுகள் அடுக்கியிருக்கும் கூடை போன்ற பாஸ்கெட்டை. பிளேட்டின் ஓரத்தில் நீட்டியிருக்கும் காதுகள் இடித்து இடித்து, பாஸ்கெட்டின் விரல் போன்ற தூண்களில் பள்ளம் விழுந்திருந்தால், பிளேட்டுகள் அதில் சிக்கி நகர மறுக்கும். புதிய பிளேட் போட்டாலும் பழைய கதைதான். மெல்லிய தழும்பை அரத்தால் சமன்செய்யலாம், ஆனால் அது தற்காலிகமே. ஆழமான பள்ளமென்றால் பாஸ்கெட்டை மாற்றத்தான் வேண்டும்.

புதிய உராய்வுப் பிளேட்டுகளை, வண்டிக்கு ஊற்றும் அதே ஆயிலில் சில மணி நேரம் ஊறவைத்த பின்பே பொருத்துங்கள். உலர்ந்தபடி போட்டால் முதல் ஓட்டத்திலேயே கருகக்கூடும். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் முறுக்கு அளவுக்குமேல் இறுக்க வேண்டாம். கனம் மாறியதால் ஃப்ரீ பிளேயும் மாறியிருக்கும். பூட்டியவுடன் ஒருமுறையும், சிறிது தூரம் ஓட்டி வந்து ஒருமுறையும் அதைச் சரிபாருங்கள்.